நிழலில் முளைக்கும் ரகம்

"புல்லு போடுற எடத்துல நிழல் விழுமா சார்?" என்றார் விதைக்கடைக்காரர்.

"மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. மொட்டை வெயில்."

"எதுக்கும் கலப்பு விதையே போடுங்க. வெயில் ரகம் வெயில்ல வரும், நிழல் ரகம் நிழல்ல வரும். மழை விட்டதும் தூவுங்க."

எனக்குத்தான் அவசரம். தவழத் தொடங்கியிருந்த மகள் வாசல் மண்ணில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்ட மறுநாளே தூவிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் வாசல் முழுக்க இளம்பச்சை. நடுவில் மட்டும் ஆறடி நீளத்துக்குக் கரும்பச்சை. அதற்குத் தலை இருந்தது, தோள்கள் இருந்தன.

கடைக்காரர் வந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தார். "நிழல் ரகம்தான். தினமும் நாலு மணி நேரமாவது இங்க நிழல் விழுந்திருக்கணும்."

"உங்கப்பா வந்து நிக்கிறாரோ?" என்று மனைவியைச் சீண்டினேன்.

"எங்கப்பா குள்ளம். மொதல்ல அதைக் கொத்திப் போடுங்க."

கொத்திவிட்டு, அங்கே வெயில் ரகத்தை மட்டும் தூவினேன். ஒரு விதைகூட முளைக்கவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தரம் போன் போட்டேன். "பாப்பா உள்ளதானே இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. பதறி ஓடினேன். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் எனக்கு முதுகைக் காட்டி, அந்த வெற்று மண்ணின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.