கடைசிப் பாட்டு முடிந்த பிறகு

தொண்ணூற்றைந்தாம் வருடம் என் மனைவி ரங்கம்மாள் இறந்தாள். அவள் குரல் இருந்த ஒரே கேசட்டை, மேலே எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல், ரெக்கார்டிங் கடையில் நான்தான் கொடுத்தேன். மகன் வம்சி கேட்ட ராக் குழுவின் புது ஆல்பத்தை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். அவள் குரல் அழிந்தது. அதன்பிறகுதான் எழுத்துப் படித்தேன்.

இன்று தறியில் விரல் நசுங்கி, சூலூரிலிருந்து மத்தியானமே வீடு வந்தேன். வம்சி அந்தக் கேசட்டைப் போட்டிருந்தான்.

"இருவத்தஞ்சு வருசமா பாடறாங்க நைனா. கெழவனுங்க இன்னும் என்னமா அடிக்கறாங்க பாருங்க!"

பாடகனுக்கும் என் வயதுதானாம். கடைசிப் பாட்டு ஓய்ந்தது. நாடா சும்மா சுற்றியது.

"ஏனுங்க, கையில என்னங்க கட்டு?" என்று அந்த நாடாவிலிருந்து ரங்கம்மாள் கேட்டாள்.

வம்சி என்னைப் பார்த்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.