சாப்பாட்டு அறையில் கேமரா

வங்காளத்துக் கரியாஹாட்டில் இருந்த அந்த அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், பெண்கள் சாப்பிடும் அறையில் கேமரா மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“நாங்க சாப்பிடறதை யார் சார் பார்க்கிறாங்க?” என்று கேட்டாள் தேவிப்ரியா.

“எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா. வாட்ச்மேன் ஹாராதன் மட்டும்தான் பார்ப்பான். என் ரூம்லயும் டிவி இருக்கு, நான் போடறதே இல்லை” என்றார் மேனேஜர் வாஞ்சிநாதன்.

மறுநாள் மதியம் அவர் மாடியிலிருந்து மூச்சிரைக்க வாசலுக்கு ஓடி வந்தார். அவருடைய புது ஸ்கூட்டர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. சாப்பாட்டு அறையிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள்.

“என்ன சார் ஆச்சு?”

“என் ஸ்கூட்டரை யாரோ தள்ளிண்டு போறதா...”

“யார் சார் சொன்னது?”

“ஹாராதன்தான். கேமராவுல பார்த்துட்டுச் சொன்னான்.”

தேவிப்ரியா கையிலிருந்த அட்டையைத் திருப்பினாள். ‘சார், உங்க ஸ்கூட்டரை யாரோ தள்ளிக்கிட்டுப் போறாங்க’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

“நாங்க வாயே திறக்கலை சார். கேமரா முன்னால இதைத்தான் பிடிச்சோம்.”

வாசலில் இருந்த ஹாராதன் அட்டையை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன பாஷை, தீதி?” என்று தேவிப்ரியாவிடம் வங்காள மொழியில் கேட்டார்.

வாஞ்சிநாதன் தானே போய் ஏணியை எடுத்து வந்தார்.