சிவப்பாய் நின்ற கோப்பு

மதிய வெயில் அச்சகத்துக்குள் சாய்கிறது. கணினிகளை முடக்கிய நச்சு மென்பொருளைப் போட்டது மனைவியின் தம்பிதான் என்று அவன் கழுத்தை நெரித்துச் சுவரோடு அழுத்துகிறான் கணவன். "சத்தியமா நான் இல்ல அத்தான்!" தம்பியின் உதட்டில் இரத்தம் வழிகிறது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, முடங்காத ஒரே கணினியில், ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை மென்பொருளைத் தயாரித்தவர்கள் வெளியிட்ட எண்ணோடு ஒப்பிடுகிறாள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். தம்பி நிறுவியவை எல்லாம் எண் பொருந்திப் பச்சையாகின்றன. ஒன்று மட்டும் சிவப்பாய் நிற்கிறது. அது எந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதும் பக்கத்திலேயே தெரிகிறது. "அவனை விடுங்க. இது உங்க கம்ப்யூட்டர்லேருந்து வந்திருக்கு." பிடி தளர்கிறது, தம்பி இருமியபடி சரிகிறான். கணவன் நாற்காலியைத் தூக்கித் திரையில் ஓங்கி அடிக்கிறான். தெறித்த சில்லு அவள் கன்னத்தைக் கிழிக்கிறது. "உடைஞ்சது திரை மட்டும்தான்," என்கிறாள். மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும், ஆதாரம் பதிந்த கணினிப் பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தம்பிக்குக் கை நீட்டுகிறாள்.