கடல் முயலின் அடுத்த வீடு

கடல் முயல் கண்ணாடியில் பாதி ஏறி நின்றது.

பிறகு பிடி விட்டு, மெதுவாக மணலில் விழுந்தது.

அவன் ஸ்டூலை மீன் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

தொட்டியில் இப்போது பாசி இல்லை. முன்பு கல்லெல்லாம் பச்சை முடி முளைத்திருந்தது. மோட்டார் தள்ளும் நீரில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தான். விரலால் பிய்த்தான். விளக்கைக் குறைத்தான், மீன்களின் தீனியைக் குறைத்தான். அது வளர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில்தான் பாசி தின்னும் முயலைக் கேட்டு வாங்கினான்.

ஓடில்லாத நத்தை மாதிரி, உள்ளங்கை அளவு பழுப்புச் சதை. தலையில் காது போல இரண்டு மடிப்பு. அது மேய்ந்துகொண்டே போக, அதற்குப் பின்னால் கல் வெறுமையாக வெளியே வந்தது.

இனி மேய எதுவும் இல்லை.

கடல் தொட்டி வைத்திருப்பவர்களின் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முயல் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு வீட்டில் பாசி தீரும் முன்பே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வரிசையில் அடுத்த வீடு, குழுவில் புதிதாகச் சேர்ந்த அவளுடையது.

அவள் கேட்டபோதெல்லாம் "இன்னும் கொஞ்சம் பாசி இருக்கும்மா" என்று சொல்லி வந்தான்.

அவளுக்கு உப்பு கலக்கச் சொல்லிக் கொடுத்தது அவன். மீன் வாங்கும்போது செவுளைப் பார்க்கச் சொன்னது அவன். முதல் பவளத்தையும் அவன்தான் தன்னுடையதிலிருந்து வெட்டிக் கொடுத்தான். ஒரு நகம் அளவு.

தாய்ப் பவளம் அவனிடம் பாசிக்கு அடியில் செத்தது. அவளிடம் அந்த நகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்தது.

அவள் குழுவில் படம் போட்டாள். கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா குடுத்தது. அவங்ககிட்ட இருந்தது போயிடுச்சு, பாவம். நான் திருப்பித் தரப் போறேன்."

பாவம்.

அந்த ஒரு சொல்லை அவன் எத்தனையோ தடவை படித்துவிட்டான்.

வலைக் காம்பால் முயலைத் தொட்டான். அது சுருங்கியது. தாமதமாக.

பட்டினியில் சாகும் முயல் தனியாகச் சாவதில்லை. உடம்பில் இருக்கும் ஊதா மையைத் தண்ணீரில் விட்டுவிடும். சின்னத் தொட்டியாக இருந்தால் அதில் ஒரு மீனும் மிஞ்சாது. அதனால் சோர்ந்த முயலை யாரும் கை மாற்றுவதில்லை. வாளியில் எடுத்து அங்கேயே முடித்துவிடுவார்கள். குழுவில் பழையவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவளுக்குத் தெரியாது. இதைச் சொல்லிக் கொடுக்கும் சந்தர்ப்பம் வரவில்லை.

முயலை வாளிக்கு மாற்றினான். இனி அவன் மீன்களுக்கு ஆபத்தில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறை வரை போனான்.

போன் அடித்தது. அவள்தான்.

"அண்ணா, திரும்பத் திரும்பத் தொல்ல பண்றேன்னு நெனைக்காதீங்க. கோமாளி மீன் முட்ட போட்டிருக்குண்ணா! மொத தடவ. ஆனா பாசி கிட்ட வந்துடுச்சு. காவலுக்கு நிக்கற அப்பா மீனு ராவும் பகலும் பாசிய வாயால பிச்சுப் பிச்சுத் துப்பிட்டு இருக்காரு. எனக்கே தூக்கம் வரல. முயல் எப்பண்ணா கெடைக்கும்?"

அவன் வாளியைப் பார்த்தான்.

"வந்து எடுத்துக்கோ."

வெயில் இறங்குவதற்குள் வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முயல் புதுக் கடல்நீரில், காற்று நிரப்பிய பையில், தெர்மாகோல் பெட்டிக்குள் தயாராக இருந்தது. அவன் எப்போதும் நேர்த்தியாகக் கட்டுவான்.

அவள் மூடியைத் திறந்து குனிந்தாள்.

"வாங்க சார். நம்ம வீட்டுல கல்யாண விருந்து. இலை போட்டாச்சு." நிமிர்ந்தாள். "என்னண்ணா, இவ்ளோ சாதுவா இருக்காரு?"

"பைக்குள்ள அப்படித்தான் இருக்கும்."

அவள் தோள்பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் பவளம்.

"பெரிய கிளையாப் பாத்து வெட்டினேன். நீங்க குடுத்ததுல உங்களுக்கே நகம் அளவு குடுத்தா நல்லாவா இருக்கும்?"

கிளை அவன் உள்ளங்கையைவிட நீளம். நுனியெல்லாம் நீலம்.

பெட்டி இன்னும் அவர்கள் இருவருக்கும் நடுவே, ஸ்டூல் மேல் இருந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"விட்டதும் லைட்ட அணைச்சிடு. புது எடம்னா மிரளும். காலைல வரைக்கும் கிட்டப் போகாத."

"எட்டிக்கூடப் பாக்க மாட்டேண்ணா."

லிஃப்ட் கதவு மூடும்போது பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

அவன் பவளத்தின் அடியில் பசை தடவி, தொட்டிக்குள் கையை விட்டு, கல்லில் வைத்து அழுத்தினான். தண்ணீர் முழங்கைக்கு மேல் ஏறியது. மீன்கள் வந்து விரல்களை முகர்ந்துவிட்டுப் போயின. மூடியிருந்த பவளம் புதுத் தண்ணீரில் ஒவ்வொரு துளையாகத் திறக்கத் தொடங்கியது.

ஸ்டூல் மேல் போன் ஒளிர்ந்தது. இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"வீட்டுக்கு வந்துட்டேண்ணா. தொட்டியில பைய மெதக்க விட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல தெறந்துடுவேன்."

பசை இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது.

அது எப்போதோ இறுகியிருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.