துடைத்த பலகை

புதுப் பனி பூஜ்யம். ஆனால் அளவுக்கம்பத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வேலை எளிதுதான். தரையிலுள்ள மொத்தப் பனியைக் கம்பம் காட்டும். ஒரு நாளில் விழுந்ததை வெள்ளைப் பலகை காட்டும். காலை ஏழு மணிக்கு அளந்ததும் பலகையைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பனியோடு கலந்துவிடும். ஆனால் நான் போகும்போதே பலகை துடைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் காலடித் தடம் இல்லை.

நான் அனுப்பிய கணக்கைப் பார்த்துவிட்டு வானிலை அலுவலகத்திலிருந்து தூர்ஃபின் கூப்பிட்டார். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இந்த ஃபியோர்டு கரையில் எனக்கு வரும் ஒரே அழைப்பு அது.

“என்னப்பா ஹல்வார், பனி தரையிலிருந்து முளைக்குதா? செத்துப்போன குட்வெய்க் அம்மா உன் வீட்லதான் இருந்தாங்க. முப்பது வருஷம் அளந்தாங்க, ஒரு தப்பு கிடையாது. இப்படியே போனா மெஷின் வெச்சிருவாங்க. அப்புறம் உன்னை யாரு கூப்பிடப்போறா?”

மறுநாள் ஆறே முக்காலுக்கே போனேன். பலகையில் ஒன்பது சென்டிமீட்டர் இருந்தது. துடைக்காமல் திரும்பினேன். ஏழு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலகை சுத்தமாக இருந்தது.

இப்போது தினமும் ஆறே முக்காலுக்கு அளக்கிறேன். துடைக்கும் வேலையைக் குட்வெய்க் அம்மாவிடமே விட்டுவிட்டேன்.