கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலி

ஓய்வுபெற்ற ராணுவத்தினரைத் தேடி ஊர் ஊராகப் போகும் பல் மருத்துவ வண்டி மாலைக்குள் கிளம்பிவிடும். அதற்குள் இந்த முன்னாள் சிப்பாயின் சீழ் கோத்த கடைவாய்ப் பல்லை எடுத்தாக வேண்டும். வீக்கம் கண்வரை ஏறியிருக்கிறது. ஊசி போட்டு ஈறு மரத்தாகிவிட்டது. ஆனாலும் அவரால் சாய்ந்திருக்க முடியவில்லை. தண்ணீர், காற்று, எச்சில் உறிஞ்சுவது என எல்லாக் குழாய்களும் ஓட்டுநர் பக்கத்துச் சுவரிலிருந்து வருவதால், நாற்காலியையும் அந்தப் பக்கம் பார்த்தே தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கதவு முதுகுக்குப் பின்னால். படி ஒருமுறை கிறீச்சிட்டால் போதும், காவல் பணியில் பழகிய உடம்பு, மார்பில் கட்டிய காகிதத் துண்டோடு எழுந்து திரும்பிவிடுகிறது. விளக்கின் வெள்ளை வட்டம் வாயைத் தவறவிட்டுக் காதில் விழுகிறது.

“ஐயா, அங்க யாரும் இல்லை,” என்கிறார் பல் மருத்துவர், மறுபடியும்.

“எனக்குத் தெரியுதும்மா. கழுத்துக்குத்தான் புரியல.”

“வீட்டுல நான் கூப்பிட்டா திரும்பாத கழுத்து!” என்று படியிலிருந்து மனைவி குரல் கொடுக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கதவுச் சட்டத்தின் இரு பக்கமும் கையூன்றி, வெளியே பார்த்து நிற்கிறார். “காவலுக்கு நான் நிக்கிறேன். நீங்க வாயத் திறங்க.”

அவர் சாய்கிறார். குதிகால் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே யாரோ நடந்து வரும் ஓசை. கழுத்து நரம்பு புடைக்கிறது.

“தண்ணி கேன் போடுறவர்தான்,” என்கிறார் மனைவி, திரும்பாமல்.

வாய் திறக்கிறது.