கடைக்கண் பார்வை

“நேராப் பார்க்காதீங்கோ. கடைக்கண்ணால பாருங்கோ, அப்பதான் வடிவாத் தெரியும்.”

மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற மரியகொறற்றி காதைக் கதவோடு ஒட்டிவைத்தாள். பெண் குரல். நான்காம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஷெரோமியின் குரல்தான்.

“ஆ... இப்ப தெரியுது. என்ன வடிவு!”

இது ஹெக்டர். இருபத்தாறு வருடம் அவளோடு குடும்பம் நடத்திய மனிசன்.

ஒரு மாதமாகவே அவருடைய போக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு வெளியே இறங்கிவிடுவார். கேட்டால், “மேல நட்சத்திரம் பார்க்கப் போறன்” என்பார். கொழும்புக் கொட்டாஞ்சேனையில், ஐம்பத்துநாலு வயதில், ஒருவருக்குத் திடீரென்று என்ன நட்சத்திரம்?

அவருடைய சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். புதிதாக இரகசிய எண் போட்டு வைத்திருந்தார். கீழ்வீட்டு ஸமீமா வேறு, “அந்தப் புள்ள தனியத்தான் ஈக்கிது, கொறற்றி” என்று காதில் போட்டிருந்தாள்.

இனிப் பொறுப்பதற்கில்லை. போன் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தாள்.

“ஐயோ, லைட்டை நூருங்கோ!” கண்களைப் பொத்திக்கொண்டு கத்தினாள் ஷெரோமி.

“ஏன், இருட்டில நடக்கிறது எனக்குத் தெரியக் கூடாதோ?”

“அதில்லை அக்கா. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் எடுக்கும். கொஞ்ச வெளிச்சம் பட்டாலே எல்லாம் போச்சு.”

அப்போதுதான் மரியகொறற்றி அந்த வெள்ளைக் குழாயைக் கண்டாள். நெஞ்சுயரத்துக்கு ஒரு டெலஸ்கோப். பக்கத்தில் ஐந்தாம் மாடி வாத்தியார் இப்றாஹிம் சேரும் அவருடைய மனைவியும் பிளாஸ்டிக் கதிரைகளில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஹெக்டர் மட்டும் குழாயில் பதித்த கண்ணை எடுக்கவில்லை.

டோர்ச்சை அணைத்தாள். முகம் சுட்டது. நல்லவேளை, இருட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஷெரோமியே அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போனாள். “ஓரியன் நெபுலா, அக்கா. மங்கலான சாமானை நேராப் பார்த்தா மறைஞ்சுபோகும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்தில வையுங்கோ.”

முதலில் நாலு புள்ளிகள்தான் தெரிந்தன. பார்வையை ஓரத்துக்கு நகர்த்தியதும், அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு புகை எழுந்தது. பறவை சிறகு விரிப்பதுபோல அது இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தது.

“ஐயோ யேசுவே!” என்றாள் தன்னையறியாமல்.

“அந்த வெளிச்சம் அங்கயிருந்து வெளிக்கிட்டு ஆயிரத்து முந்நூறு வருசம் அக்கா.”

இந்தப் பிள்ளையைப் பற்றியும் இந்த மனிசனைப் பற்றியும் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! ஞாயிறு பூசைக்கு முன்னமே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும்.

“சரி கொறற்றி, பனி விழுது. நீ கீழ போ,” என்றார் ஹெக்டர்.

“இருங்கோ, இன்னொருக்காப் பார்ப்பம்.” குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, ஷெரோமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “குறை நினைக்காதீங்கோ தங்கச்சி. போன கிழமை, போயா அண்டைக்கு, இவர் வீட்டுக்கு வரேக்க ராத்திரி ஒரு மணி. அவ்வளவு நேரம் மேல நிண்டு என்னத்தைப் பார்க்கிறீங்களெண்டு நல்லா ஏசிப்போட்டன். இப்பதான் எனக்கு விளங்குது.”

ஹெக்டர் செருமினார். இப்றாஹிம் சேர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

ஷெரோமி வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

“பௌர்ணமி நிலவில என்னத்தைப் பார்க்கிறது அக்கா? போயா அண்டைக்கு நாங்க ஒருத்தரும் மேல வரேல்லையே!”